‘ஷிப்ட்’ என்பதற்குத் தமிழ்: வேளையா, பாளியா, முறையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் தொழிற்புரட்சிச் சொற்களின் அகராதிக்கு ‘ஷிப்ட்’ என்பதற்கு வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். ‘பணிவேளை’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கி ஊழியருக்கும் பணிவேளை உண்டு. அவர் வீட்டுக்குக் கிளம்பினால் கவுன்ட்டர் மூடிவிடும். ஷிப்டில் ஆள் கிளம்பினாலும் எந்திரம் நிற்காது. அந்த இடத்தில் அடுத்தவர் வந்து நிற்பார். சொல்லில் இது வராவிட்டால் பயனில்லை.

‘ஷிப்ட் நீராவியோடு பிறந்தது’ என்று அகராதியின் முன்னுரையில் இருப்பதையும் எடுத்துவிடலாம். ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-இல் இங்கிலாந்தின் கிராம்ஃபோர்டில் தொடங்கிய நூற்பாலை தண்ணீர் விசையில் ஓடியது. அங்கேயே 12 மணி நேரம் வீதம் இரவும் பகலும் ஆள் மாற்றி வேலை வாங்கினார்கள். நீராவி செய்தது வேறு. 1780-களில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரம் சக்கரம் சுழற்றத் தொடங்கியதும், ஆலைக்கு ஆற்றங்கரை தேவைப்படவில்லை. மான்செஸ்டர் போன்ற நகரங்களுக்கு வந்துவிட்டது. கோடையில் தண்ணீர் குறையுமே என்ற கவலையும் போயிற்று. 1805 வாக்கில் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் ஓர் ஆலைக்கு நிலக்கரி வாயு விளக்கு வந்தது, இருட்டும் தடையில்லை என்றானது. அப்புறம் ஓய்வு கேட்பது மனித உடம்பு மட்டும்தான். துணி ஆலைகளில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இரவு வேலையில் வைக்கக் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வர 1833 ஆகிவிட்டது.

‘பாளி’ எனக்குப் பிடித்த சொல். கன்னடத்தில் ஷிப்டுக்கு அதுதான் பெயர், ஓசூரில் பலருக்குச் சட்டென்று புரியும். சேலம் தாண்டினால் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும்.

என் வாக்கு ‘முறை’க்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் ஏரித் தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். நடுராத்திரி என்றாலும் தன் முறை வந்தால் மண்வெட்டியோடு போயாக வேண்டும். வாய்க்கால் ஓடிக்கொண்டே இருக்கும், வயல்தான் மாறும். சிப்காட் தொழிற்பேட்டையில் நடப்பதும் இதுதானே?

ஓசூரிலிருந்து

மறுமொழி:

ஐயா, பொருள் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘முறை’ ஏற்கெனவே சுமை தாங்காத சொல். ‘பணிமுறை’ என்றால் வேலை செய்யும் விதம் என்றுதான் எவரும் படிப்பார்கள். ‘இரண்டு முறை வேலை செய்தான்’ என்றால் என்ன புரியும்? இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் ஜன்னலை அடைத்துத் தூங்குகிறவரிடம் கேளுங்கள், ‘நைட் ஷிப்ட்’ என்றுதான் சொல்வார். ‘ஷிப்ட்’ என்றே விட்டால் என்ன குறை?

தருமபுரியிலிருந்து

மறுமொழி:

பேச்சில் ஷிப்ட் இருக்கட்டும் தம்பி, யார் தடுத்தது? அகராதிக்குத்தான் கேட்கிறோம். ‘பணிமுறை’ வேண்டாம், நீங்கள் சொல்வது சரி. திருப்பிப் போட்டு ‘முறைவேலை’ என்று வைக்கலாம், முறைவாசல் மாதிரி. வருகிறவர் ‘முறையாள்’. ‘இந்த வாரம் அவருக்கு இரவு முறை’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை. ஒருவரே அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் பார்ப்பதற்கு ‘இரட்டை முறை’ சரிவராது, நீங்கள் சொன்ன அதே குழப்பம் அதிலும் வரும். ‘தொடர்முறை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அதைவிட நல்லது இருந்தால் அனுப்புங்கள்.

ஓசூரிலிருந்து