அவருக்கும் மருந்து வேணும் என்றார்கள்

வன்னியில், மல்லாவிப் பக்கத்தில் இருந்து ஒருத்தி:

போன காலபோகத்தில் மூன்று மாதமாக எனக்கு வெள்ளைபடுதல். கடி, எரிவு, நாற்றம் எல்லாம் சேர்ந்து. சூடு என்று நினைத்து முதலில் வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தேன். பிறகு ஃபார்மசியில் ஒரு கிறீம் வாங்கிப் பூசினேன். மாமி, "வயலில் வெயில் குடிச்சிட்டாய்" என்றா. சின்னவனை நிறுக்க வந்த மிட்வைஃப் மிஸ்ஸிடம் படலையடியில் வைத்து மெல்லச் சொன்னேன். "ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் வைச்சிருந்தனீ" என்று கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா.

சோதித்துப் பார்த்துவிட்டு டிரைக்கோமோனாஸ் என்றார்கள். உடலுறவால் தொற்றுகிறது, மெட்ரோனிடசோல் மாத்திரையில் மாறிவிடும். அதோடு டொக்டர் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூக்கிப் போட்டது: "அவருக்கும் மருந்து வேணும். நீங்கள் மட்டும் குடித்தால் திரும்ப வரும்."

பஸ்ஸில் வரும்போது முழுக்க ஒரே யோசனை. அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் "நீ எங்கே வாங்கினாய்" என்று கேட்பாரா? நான் அவரை அப்படிக் கேட்க வேணுமா? பதினொரு வருசக் கலியாணத்தில் இந்தக் கதை ஒருநாளும் எங்களுக்குள் வந்ததில்லை. நல்லவேளை, வெளிக்கிடும்போது நேர்ஸ் ஒன்று சொல்லியிருந்தா: ஆம்பிளைகளில் கனபேருக்கு ஒரு குணங்குறியும் காட்டாது, எப்போது தொற்றியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது, அதனால் பழி தேடப் போகவேண்டாம் என்று. அதை அப்படியே, அவர் மோட்டர் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கையைத் துடைத்துவிட்டு, "எப்ப போகவேணும்?" என்றார்.

மாத்திரை குடிக்கும் நாட்களில் குடி கூடாது என்றது அவருக்குத்தான் பெரிய தண்டனை. கள்ளுக் கொட்டில் பக்கமே போகாமல் வேறு ஒழுங்கையால் சுற்றி வந்தார். இரண்டு பேருக்கும் மாறும்வரை சேரக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமலே பாயைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனார். மூன்றாம் நாள் விடிய, தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, "இன்னும் எரியுதா?" என்று கேட்டார். என்னுடைய உடம்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

விசுவமடுவில் இருந்து, ஆண்:

வாசித்தேன் அக்கா. எனக்கும் ஒரு கரைச்சல் இருக்கிறது, ஒன்றரை மாதமாகச் சலம் போகையில் எரிவு. மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை. கிளினிக்குக்கு எப்படிப் போவது? அங்கே வாங்கு முழுக்கப் பிள்ளைத்தாச்சிகள். ஃபார்மசியில் நிற்கிறவன் மனுசியின் ஒன்றுவிட்ட தம்பி. கொண்டம் வாங்கவே வவுனியாவுக்குப் போய், பேப்பரில் சுற்றிக் கொண்டுவருகிற ஆள் நான்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் ஒருவர், புதுக்குடியிருப்பு:

தம்பி, கொண்டம் எங்களிடம் இலவசம். உங்கள் ஊர் மிட்வைஃபிடம் கேட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவா. கேட்டதுக்காக யாரும் சிரிக்கமாட்டார்கள். எரிவைக் காட்டத்தான் வேணும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. 2008, 2009 இல், புலிகள் இயக்கத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் பதினைந்து பதினாறிலேயே பெட்டைகளுக்குத் தாலி கட்டிவிட்டார்கள். 1995 இலிருந்து சட்டத்தில் கலியாண வயது 18. பலருடைய பதிவு பிறகுதான் நடந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது. "என்ன கருத்தடை முறை வேணும், ஊசியா லூப்பா?" என்று நான் கேட்டால் பிள்ளை வாய் திறக்கமாட்டாள், கண் மாமியாரிடம் போகும். அதனால் வீட்டுக்குள் ஏறியதுமே, "மாமி, ஒரு தேசிக்காய்த் தண்ணி கரைச்சுத் தாங்கோ" என்பேன். மாமி குசினியில் நிற்கும் அந்த ஐந்து நிமிசம்தான் என் வேலை நேரம். எத்தனை தேசிக்காய்த் தண்ணி குடித்தேன் என்று கணக்கில்லை, வயிற்றில் புண்தான் மிச்சம்.

ஒருத்தி அந்த ஐந்து நிமிசத்தில், "வேண்டாம் என்று சொன்னால் அடிக்கிறார் மிஸ்" என்றாள். இந்த நாட்டில், நீதிமன்றத்தால் பிரிந்து வாழாதவரை, மனைவியைப் பலவந்தப்படுத்துவது குற்றவியல் சட்டத்தில் வல்லுறவு இல்லை. அதைச் சொல்ல எனக்கே வெட்கம். ஆனால் அடிக்கு 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டம் இருக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். ஆஸ்பத்திரியில், அடிபட்ட பெண்களுக்கு உதவ இருந்த நட்பு நிலையத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938 என்ற இலக்கத்தை அவளுடைய கிளினிக் கொப்பியின் பின்மட்டையில், மாமி கண்டாலும் விளங்காதபடி, வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தேன்.

கிளிநொச்சி, ஆசிரியை:

ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்கு 2017 இலிருந்து எச்.பி.வி. ஊசி போடுகிறார்கள், இரண்டு தடவை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் இருக்க. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு தாய், "பிள்ளை பிறக்காமல் பண்ணுகிற ஊசி" என்று கையெழுத்துப் போட மறுத்தா. எனக்குக் கோபம் வந்தது, படிக்காத சனம் என்று. பிறகுதான் தெரிந்தது, அவ கரையோரக் கிராமம். 2013 இல் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கட்டாயப்படுத்திக் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்ததை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊசியும் குச்சியும் அவவுக்கு ஒன்றுதான். வீட்டுக்குப் போய் இரண்டு மணித்தியாலம் இருந்து கதைத்தேன். முதல் ஒரு மணித்தியாலம் நான் வாயே திறக்கவில்லை, அவ சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கையெழுத்து மூன்றாம் நாள் பிள்ளையிடம் வந்தது.

மல்லாவி, திரும்பவும்:

விசுவமடுத் தம்பிக்கு. பெரியாஸ்பத்திரியில் பாலியல் நோய்க்கென்று தனிக் கிளினிக் இருக்கிறது. இவரும் அங்கேதான் போனவர். காசு இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை, நம்பர்தான். போகமுதல் நீங்களாகக் குளிசை வாங்கிப் போடவேண்டாம், பிறகு என்ன நோய் என்று பிடிபடாமல் போய்விடும். மனுசிக்கும் சொல்லுங்கோ, அவவுக்கும் மருந்து தேவைப்படலாம்.

இவரைக் கேட்டேன், துணைக்கு வருவாராம். செவ்வாய் எங்களுக்கு வவுனிக்குளத்துத் தண்ணி முறை, அதை விட்டு வேறு நாள் சொல்லுங்கோ.