மறு: ‘அர்பன் கேன்யன்’ – முடுக்கு என்றே சொல்லலாமே

எல்லோருக்கும் வணக்கம். வியாழக்கிழமை காரைக்குடியில் என்சிசி விமானப் பிரிவுப் பிள்ளைகளுக்கு, நகரச் சண்டைக்கு விமானிகளைப் பழக்குவது பற்றி வகுப்பு எடுக்கிறேன். அதற்குள், ‘அர்பன் கேன்யன்’ (urban canyon), அதாவது உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற நகரத் தெரு, இதற்கு நம் குழுவில் தேடுகிற தமிழ்ச் சொல்லாவது முடிவானால் நல்லது.

அதன் நேர் மொழிபெயர்ப்பான ‘நகர்ப் பள்ளத்தாக்கு’ எனக்கு ஒட்டவே இல்லை. பள்ளத்தாக்கு என்றதும் பிள்ளைகளுக்குக் கம்பம்தான் நினைவுக்கு வரும், பச்சைப்பசேலென்று விரிந்து கிடக்கிற இடம். இங்கே சங்கதி நேர்மாறு: இரண்டு பக்கமும் உயரக் கட்டடம், நடுவில் ஒடுங்கிய தெரு, அதற்குள் நிற்பவன் மேலே பறக்கிறவன் கண்ணில் படமாட்டான். தெருவின் போக்கிலேயே விமானம் வந்தால்தான் தரை தெரியும், குறுக்கே வந்தால் வெறும் கூரைதான். லேசரால் இலக்கைச் சுட்டினாலும் சுவர் மறைத்துவிடும்.

போன ஞாயிறு கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முடுக்கில், அதாவது இரண்டு வீட்டு உயரச் சுவர்களுக்கு நடுவே போகிற ஒடுங்கிய வழியில், ஒரு பித்தளைக் குடத்தை வைத்துவிட்டு, நாலு பிள்ளைகளை மாடிக்கு அனுப்பினேன். பக்கத்து மாடியில், கைப்பிடிச் சுவரிலிருந்து நாலடி தள்ளி நின்ற மூன்று பேருக்கும் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. முடுக்கு போய் முட்டுகிற வீட்டு மாடியில் நின்றவள்தான் “அந்தா இருக்கு” என்றாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகதிஷுவில் நடந்த சண்டையில் இரண்டு அமெரிக்க ஹெலிகாப்டர்களைத் தரையிலிருந்தே ஆர்பிஜியால் (தோளில் வைத்து ஏவுகிற ராக்கெட் குண்டு) வீழ்த்தினார்கள். அமெரிக்க மரீன் படை 1999-இல் அரிசோனாவின் யூமா பக்கம் சரக்குக் கொள்கலன்களை அடுக்கி, ‘யோடாவில்’ (Yodaville) என்று ஒரு பொம்மை ஊரே கட்டியது, விமானிகள் இப்படிப்பட்ட தெருக்களுக்கு மேல் பறந்து பழகத்தான்.

மதுரை ஐயா, மதுரைக்காஞ்சி தெருவை ஆற்றுக்கு ஒப்பிடுவதைக் காட்டி ‘தெருவாறு’ என்கிறீர்கள். அழகான சொல். ஆனால் அந்த உவமை அகலத்துக்கும் நீளத்துக்கும் சொன்னது, நமக்கு வேண்டியது ஒடுக்கம். முடங்கு, முடக்கு, முடுக்கு எல்லாம் ஒரே வேர்தான் என்று நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தையும் படித்தேன். வேர் எதுவானால் என்ன, எங்கள் பால்காரருக்கும் முடுக்கு தெரியும்.

சிவகங்கை அக்கா கேட்டதுதான் எனக்கும் உறுத்துகிறது: இயற்பியலில் முடுக்கம் இருக்கிறதே, விமானப் பாடத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருமே? அதனால் ‘தெருமுடுக்கு’ என்று சேர்த்தே எழுதுகிறேன். எட்டுப் பேர் சரி என்றுவிட்டார்கள். சென்னைக்காரர்களுக்கு முடுக்கு புரியாது, ‘சந்து’ போதும் என்று சென்னை அண்ணன் மட்டும் விடாப்பிடியாக நிற்கிறார். இரண்டு பக்கமும் தாழ்ந்த கூரை வீடாக இருந்தாலும் அது சந்துதானே, அண்ணே?