மகள் 'ஓர்மை இல்ல' என்று சொன்னால் திருத்த வேண்டுமா?

ரப்பர்காட்டுக்காரி:
சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து 11 வருஷம். வீட்டில் நானும் அவரும் ஊர்ப் பேச்சுதான். மகள் இரண்டாம் வகுப்பு. போன வாரம் வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, 'ஓர்மை இல்ல டீச்சர்' என்றிருக்கிறாள். ஞாபகம் இல்லை என்று அர்த்தம். வகுப்பே சிரித்ததாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் மலையாளம் பேசுவதைக் குறையுங்கள் என்றார். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது.

நானும் பட்டவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'குடிக்க வெள்ளம் இருக்கா' என்று கேட்டுவிட்டேன். ஒரு வருஷம் அதையே சொல்லிச் சிரித்தார்கள். அப்புறம் வெள்ளம் தண்ணியானது, 'எனக்க' 'என்னோட' ஆனது, 'பைய' 'மெதுவா' ஆனது. ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று எனக்குப் பழகிவிட்டது. பிள்ளை அப்படியில்லை. அன்றிலிருந்து ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் பேச மாட்டேன் என்கிறாள். 'மக்ளே, சாயா குடிச்சியா' என்று அம்மா கேட்டதும் போனை என் கையில் திணித்துவிட்டு ஓடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டாள்: 'நான் பறயது பிள்ளைக்கு மனசிலாவல்லியா?' நான் பேசுவது புரியவில்லையா என்று கேட்கிறாள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

வீட்டிலும் சென்னைப் பேச்சுக்கு மாறிவிடலாமா?

நாகர்கோவில் வாத்தியார்:
தங்கச்சி, 30 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மாறாதீர்கள். ஓர்தல் என்றால் எண்ணுதல், ஆராய்தல். 541ஆம் குறள் 'ஓர்ந்து' என்றுதான் தொடங்குகிறது. 595ஆம் குறளில் 'வெள்ளத் தனைய மலர்நீட்டம்' என்று வருகிறதே, அந்த வெள்ளம் குளத்துத் தண்ணீர்தான். ஊரை அடித்துக்கொண்டுபோகும் வெள்ளம் இல்லை. நீங்கள் ஆபீசில் கேட்டதும் அதைத்தான். இந்தச் சொற்கள் மலையாளத்திலும் இருக்கின்றன, அதனால் நமக்கு இல்லை என்றாகிவிடுமா?

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நம் நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தன. அதற்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டிலும் 'எனக்க, உனக்க' என்றுதான் பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சைப் போய் மலையாளம் என்றால் மனசு பொறுக்கவில்லை.

பனங்கூடல்:
அக்கா, 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வரும்போது எனக்கு 9 வயது. 'அவள் என்னோட கதைக்கிறேல்ல' என்று நான் அழுதால் பிள்ளைகள் 'என்ன கதை சொல்லு' என்று கேட்பார்கள். ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன், வீட்டிலும்தான். அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது 'கொஞ்சம் என்னோட கதை பிள்ளை' என்றார். என் வாயில் சென்னைப் பேச்சுதான் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் விட்டுவிடாதீங்கோ.

நொய்யல்கரை:
வாத்தியார் ஐயா சொல்வது சரிங்க. ஆனால் ஏழு வயசுப் பிள்ளைக்கு வகுப்பில் குறள் எண் கைகொடுக்காது. அவளுக்கு இரண்டு சொல்லும் தெரியட்டும். எது தப்பு, எது சரி என்று மட்டும் பிரிக்காதீங்க. நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம், பையனுக்குக் கோயமுத்தூர்ப் பேச்சு பாட்டியோடு விளையாடித்தான் வந்தது. பிள்ளையையே பாட்டிக்கு டீச்சர் ஆக்கிப் பாருங்க.

ரப்பர்காட்டுக்காரி:
எல்லோருக்கும் நன்றி. பனங்கூடல் எழுதியதை அவருக்கும் படித்துக் காட்டினேன். நேற்று விளையாட்டு நடந்தது. பாட்டி ஊர்ச் சொல் சொல்ல, இவள் சென்னைச் சொல் சொல்ல வேண்டும். நாரங்கா என்றால் எலுமிச்சை, மரச்சீனி என்றால் மரவள்ளி. 'சோலி' என்றதும் மாட்டிக்கொண்டாள். வேலை என்று அம்மாவே சொல்லிக்கொடுத்தாள். 40 நிமிஷம் போனை என்னிடம் தரவே இல்லை. வெள்ளிக்கிழமை டீச்சரைப் பார்க்கப் போகிறேன், இரண்டு குறளையும் எழுதி வைத்திருக்கிறேன்.