1:25 டிராக்ஸ்டர் மாதிரி: புகைக்குழாய்கள் வளைவில் நசுங்குகின்றன

நான் கட்டிவரும் 1:25 அளவு டாப் ஃபியூயல் டிராக்ஸ்டர் (நேர்கோட்டு வேகப்பந்தய வண்டி) மாதிரிக்கு, வி8 எஞ்சினின் இருபுறமும் நான்கு நான்காகப் பின்னோக்கி மேலெழும் எட்டுப் புகைக்குழாய்களையும் கையாலேயே செய்ய முயன்று, மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

2.4 மி.மீ. வெளிவிட்டமுள்ள அலுமினியக் குழாயை ஏறத்தாழ 60 பாகை வளைத்தால், வளைவின் உட்புறத்தில் மடிப்பு விழுந்து நசுங்கிவிடுகிறது. உள்ளே பொடியுப்பை நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து வளைத்தபோது மடிப்பு குறைந்ததே தவிர மறையவில்லை. சூடேற்றி இளக்கலாம் என்று தீயில் காட்டினேன். அலுமினியம் நிறம் மாறிச் சிவக்காமலே உருகிவிடும் என்பதை ஒரு குழாயை இழந்த பிறகே அறிந்தேன். அதே தடிமனுள்ள சால்டர் கம்பி (உலோகங்களைப் பற்றவைக்கும் மென்மையான கம்பி) அழகாக வளைகிறது, எட்டும் ஒன்றுபோலவே அமைகின்றன. ஆனால் முனையில் 1.8 மி.மீ. துளையிடும்போது துளைப்பான் ஒருபக்கம் விலகி, 0.3 மி.மீ. மட்டுமே எஞ்சும் சுவரைக் கிழித்துவிடுகிறது. வாய் அடைபட்ட குழாயை இந்த வண்டியில் பொருத்த எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் பார்ப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும். பித்தளைக் குழாயை இன்னும் முயன்று பார்க்கவில்லை.

நசுங்காத வளைவும் திறந்த வாயும் ஒருசேரக் கிடைக்க, இந்த அளவில் எந்தக் குழாயை எம்முறையில் வளைக்க வேண்டும்?