புதுப்பிப்பு: வியாழன் படத்தில் தெரிந்த கட்ட வலை நீங்கியது

வியாழன் கோளைக் காணொளியாகப் பதிவு செய்து, அதன் ஃபிரேம்களை (தனித்தனிப் படங்களை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உருவாக்கிய படத்தைக் கூர்மைப்படுத்தியவுடன் அதன் மேல் மெல்லிய கட்டங்கட்டமான வலை தெரிகிறது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நேரம் ஒதுக்கி விடை சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் சீரமைப்புப் புள்ளிகளை (ஃபிரேம்களை ஒன்றோடொன்று பொருத்த மென்பொருள் பயன்படுத்தும் சிறு பகுதிகளை) பெரிதாக்கிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. பலன் தந்தது, டிரிசிலை (அடுக்கும்போதே படத்தைப் பெரிதாக்கும் வசதியை) அணைத்துவிடச் சொன்ன நண்பரின் யோசனைதான். அடுக்கும் மென்பொருளான ஆட்டோஸ்டாக்கர்ட்டில் நான் 1.5 மடங்கு டிரிசில் வைத்திருந்தேன். வண்ணக் கேமராவின் பேயர் வடிகட்டியில் (சென்சாரின் மேல் 2-க்கு 2 பிக்சல் கட்டங்களாகத் திரும்பத் திரும்ப வரும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள்) ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தையே பதிவு செய்கிறது. அந்த 2-க்கு 2 அமைப்பு, முழு எண்ணாக இல்லாத பெருக்கத்தோடு சேரும்போது, சீரான இடைவெளியில் நுண்ணிய பிரகாச வேறுபாடு எஞ்சிவிடுகிறது. அடுக்கிய படத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாட்டை, கூர்மைப்படுத்தும்போது மிக நுண்ணிய வேவ்லெட் அடுக்குகள் (படத்தின் விவரங்களை அளவுவாரியாகப் பிரித்துக் கூர்மையாக்குபவை) பெருக்கிக் காட்டுகின்றன.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. டிரிசில் இல்லாமலும் ஒரு காணொளியில் மட்டும் மங்கலான சுவடு இருந்தது. அதில் கோள் சென்சாரின் ஒரே இடத்தில் ஏறத்தாழ அசையாமல் நின்றிருந்ததால், பிக்சல்களின் நிலையான வேறுபாடு எல்லா ஃபிரேம்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது. அடுத்த இரவு கோளை மெதுவாக நகரவிட்டுப் பதிவு செய்து, 10 விழுக்காட்டுக்குப் பதிலாக 30 விழுக்காடு ஃபிரேம்களை அடுக்கியபோது அதுவும் மறைந்தது. பெரிய படம் வேண்டுவோர், கூர்மைப்படுத்தி முடித்த பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். என் கண்ணுக்கு விவரம் எதுவும் குறையவில்லை.