புதுப்பிப்பு: பூட்டில்லாத மல்டி-டூல் போதுமா?

தினமும் கூடவே வைத்துக்கொள்ள, சட்டச் சிக்கல் தராத மல்டி-டூல் (கத்தி, கத்தரிக்கோல் போன்றவை மடக்கி அடங்கிய கைக்கருவி) எது என்ற என் முந்தைய பதிவுக்கு அதிகம் வந்த கேள்வி: திறந்த கத்தி மடங்காதபடி பூட்டிக்கொள்ளாவிட்டால் ஆபத்தில்லையா?

விளிம்பால் வெட்டும்போது அழுத்தம் அலகை (கத்தியின் வெட்டும் தகட்டை) திறந்த நிலையிலேயே தள்ளும். முனையால் குத்தினாலோ நெம்பினாலோதான் அது மடங்கி விரலைப் பதம் பார்க்கும். அட்டைப்பெட்டி, கயிறு, பழம் என்றால் பூட்டு தேவையே இல்லை.

பிரிட்டனில் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால், எவ்வளவு சிறியதானாலும் தகுந்த காரணம் வேண்டும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் வகைக்குக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தில் பார்க்க வேண்டியவை இவைதான்: அலகின் நீளம், பூட்டு, திறக்கும் விதம். விமானக் கைப்பையில் மட்டும் அலகுள்ள எதையும் வைக்காதீர்கள்.

குறடு அவசியமென்றால் லெதர்மேன் நிறுவனத்தின் பாண்ட் மாடல். அதன் கத்தியும் பூட்டாது. இல்லையென்றால் விக்டரினாக்ஸ் நிறுவனத்தின் 91 மி.மீ. (மடித்த நிலையில் நீளம்) வகையில் கத்தரிக்கோல் உள்ள ஒன்று. அதன் சிறிய டப்பா திறப்பானின் முனை பிலிப்ஸ் (கூட்டல் குறித் தலை) திருகுக்கும் பொருந்தும், பலருக்கு இது தெரிவதில்லை.

வாங்கும்போது கத்தரிக்கோல் மெல்லிய தாளை நுனிவரை வெட்டுகிறதா, அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு இறுகிப்போனால் பெரும்பாலும் பாக்கெட்டில் சேரும் பஞ்சுத்தூசிதான் காரணம்: வெதுவெதுப்பான நீருக்குள் திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்தி, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய்.