பழைய காலத்துப் பள்ளிக்கூடக் கதை, சிரிப்புப் படம் இருந்தால் சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வாசகசாலையில் ஓணம் லீவுக்குப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். முந்தைய காலத்தில் நடக்கும், வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிற விடலைப் பருவக் கதை வேண்டும். பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ (1979) எனக்கு உயிர், ஆனால் முடிவு கனமானது. தொண்ணூறுகளில் நடக்கும் ‘முதல் நீ முடிவும் நீ’ (2022) எடுத்து வைத்திருக்கிறேன். அப்புறம்?

இன்லேண்ட் லெட்டரை எந்தப் பக்கம் மடித்து ஒட்டுவது என்றே இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பதில் வருமா என்று தபால்காரர் சைக்கிளைப் பார்த்து நின்ற அந்தத் தவிப்பு திரையில் தெரிய வேண்டும். பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று காட்டும் படம் வேண்டவே வேண்டாம். தமிழோ மலையாளமோ, இங்கே இரண்டும் புரியும். பார்த்தவர்கள் படத்தின் பெயரைச் சொல்லுங்கள், ப்ளீஸ்.